நான்கே குதியில் வாசல்

பையை மேலே வைக்க வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு காகிதம் இருக்கிறது, மடங்கக் கூடாது. நீங்களும் மதுரைக்குத்தானே? நல்லது. பாதி வழியில் இறங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சை எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

நான் என் மருமகளைப் பார்க்கப் போகிறேன். கூடப் பிறந்த அக்காளின் மகள். பெர்பெத்து என்று பேர். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினேழு நாளாகக் கிடக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் அவளிடம் ஒரு கைநாட்டு வாங்கியாக வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குத் தூத்துக்குடியில் விசாரணையின் கடைசி நாள். கைநாட்டு இருந்தால் சந்தியாகு தப்பித்தான். இல்லையென்றால் இருபத்தாறு வருஷ வேலை போகும், பேர் போகும், அதற்கு மேல் போலீஸ் கேஸ் என்றும் சொல்கிறார்கள். சந்தியாகு நான்தான்.

பயப்படாதீர்கள், நான் தப்பான ஆள் இல்லை. முழுக்கக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள்.

எங்கள் கம்பெனி இறால் கம்பெனி. படகில் வந்த இறாலை உரித்து, தரம் பிரித்து, உறைய வைத்துக் கப்பலில் ஏற்றுவது. உரிக்கிற ஹாலில் எண்பத்து நாலு பெண்கள். உறைய வைப்பதற்கு அம்மோனியா. நான் கம்ப்ரசர் ரூமில் அந்த அம்மோனியாவோடு இருபத்தைந்து வருஷம் இருந்தவன். குழாய்க்குள் இருக்கிறவரை ஒன்றுமில்லை. வெளியே வந்தால் வெள்ளைப் புகை. எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். மனுஷ உடம்பில் ஈரம் எங்கே இருக்கிறது? கண்ணில், தொண்டையில், நெஞ்சுக்குள்ளே. இது எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கம்பெனியில் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் போன வருஷம் என்னைப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். வெளிநாட்டில் நம் இறாலை வாங்குகிறவர்கள் கணக்காகக் கேட்கிறார்கள். கேஸ் கசிந்தால் எப்படி வெளியேறுவது என்று ஒவ்வொரு பெண்ணும் பயிற்சி எடுத்துப் பாஸாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக மேனேஜர் அந்த விஆர் கண்ணாடியை வாங்கினார்.

நீங்கள் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி என்று பேர்தானே தவிர அது ஒரு டப்பா. முகத்தில் வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டினால் நீங்கள் நிற்கிற இடம் மறைந்துவிடும். கேண்டீன் மூலையில்தான் நிற்கிறீர்கள், ஆனால் கண்ணுக்கு முன்னால் இறால் உரிக்கும் ஹால். அதே மேஜை, அதே ஐஸ் மெஷின், அதே சுவர். குனிந்தால் தரை தெரியும். திரும்பினால் முதுகுப் பக்கம் தெரியும். பார்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் அதற்குள் நகர்வதில்தான்.

படத்துக்குள் ஹால் நூறு அடி. கேண்டீனில் எங்களுக்கு விட்ட இடம் பத்துக்குப் பத்து. நிஜமாகவே நடந்தால் நாலாவது எட்டில் சாம்பார் வாளியில் போய் விழ வேண்டியதுதான். அதனால் உள்ளே போவதற்கு மூன்று வழி வைத்திருந்தார்கள். ஒன்று, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைப்பது. நீங்கள் எத்தனை எட்டு வைக்கிறீர்களோ அத்தனை எட்டு படம் நகரும். இரண்டாவது, கையில் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள், அதில் ஒரு சின்னக் குச்சி இருக்கும். கட்டை விரலால் தள்ளினால் உடம்பு நிற்கும், கண் மட்டும் போகும். மூன்றாவது, குதிப்பது. கையை நீட்டிக் கைப்பிடியில் ஆள்காட்டி விரலை அமுக்கினால் தூரத்தில் தரையில் ஒரு நீல வளையம் விழும். விரலை விட்டால் நீங்கள் அங்கே இருப்பீர்கள். நடுவில் இருக்கிற தூரம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அது கிடையாது.

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், கோதை என்று. ரெண்டு நாள் இருந்து எனக்குப் பாடம் எடுத்தாள். என்னென்னவோ சொன்னாள். ரெண்டு நாள் ஒருத்தி பேசினால் அத்தனையும் மண்டையில் நிற்குமா?

அவள் போனதும் பயிற்சி தொடங்கினேன். நின்ற இடத்தில் கால் தூக்குவதற்கு ஒருத்தியும் முன்வரவில்லை. கேண்டீனில் லோடு ஏற்றுகிற ஆம்பிளைகள் டீ குடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை நின்ற இடத்தில் தொம் தொம் என்று மிதித்தால் சிரிக்க மாட்டார்களா? என்னக்கா, குடியரசு தினமா என்று கேட்டான் ஒருத்தன். அதற்குப் பிறகு எவள் காலைத் தூக்குவாள்? சரி என்று குச்சியைக் கொடுத்தேன். குச்சியைத் தள்ளின நாலாவது நிமிஷம் வாந்தி. கண் ஓடுகிறது, உடம்பு நிற்கிறது, வயிற்றுக்கு அது பிடிக்கவில்லை. முதல் ரெண்டு நாளில் பாஸானது பதினோரு பேர். வாந்தி எடுத்தது முப்பதுக்கு மேல். கேண்டீன்காரன் கரண்டியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்கே போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை ஆடிட். இது வியாழக்கிழமை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நானும் அதைத்தான் செய்தேன். எல்லோருக்கும் குதிக்கிறதை வைத்தேன். வாந்தி நின்றது. சிரிப்பும் நின்றது. ஒருத்திக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உரிக்கிற மேஜையிலிருந்து அவசர வாசலுக்கு நான்கே குதி. மேஜை முனை, ஐஸ் மெஷின், பச்சை விளக்கு, வாசல். வெள்ளி, சனி ரெண்டே நாளில் எண்பத்து மூன்று பேர் பாஸ். அந்தப் பெண்களுக்கு நான் செய்தது உபகாரம் இல்லையா? வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

எண்பத்து மூன்று என்றேனா? எண்பத்து நாலாவது ஆள் பேச்சித்தாய்.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு விசாரணையில் எனக்கு எதிராக உட்காரப் போகிறவள் அவள்தான். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு பதில் வைத்திருப்பாள். குதிக்கச் சொன்னால், ரெண்டு தடவை குதித்துவிட்டு நின்றாள். எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை, சுவரோடு இருக்கிறேனா நடுவில் இருக்கிறேனா என்கிறாள். பச்சை விளக்கு தெரிகிறதா, அங்கே குதி என்றேன்.

"எனக்குக் கால் இருக்குல்லா அண்ணாச்சி. நான் நடந்தே போயிருதேன்."

நடந்தாள். ஆம்பிளைகள் சிரிக்கச் சிரிக்க, நின்ற இடத்தில் மிதித்து மிதித்து, ஒரு கையைச் சுவரில் வைத்த மாதிரி அந்தரத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாயில் எண்ணிக்கை வேறு. மூன்று நிமிஷம் பத்து நொடி. ரெண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் ஃபெயில். விதி அது, நான் போட்டதில்லை. போர்டில் அவள் பேரைச் சிவப்பில் எழுதினேன். அந்தக் கோபம்தான் இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு. வேறென்ன?

முதலாவது யார் தெரியுமா? என் மருமகள். முப்பத்தெட்டு நொடி. மின்னல் மாதிரி கையை நீட்டுவாள், விரல் அமுங்கும், போய்விடுவாள். மாமா, இது நல்லாருக்கு என்றாள். அவள் சொன்ன இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். முதலாவது வருகிறவர்களுக்கு ஆரஞ்சுக் கோட்டு. கேஸ் கசிந்தால் அந்தந்த வரிசைப் பெண்கள் ஆரஞ்சுக் கோட்டுக்காரியின் பின்னாலேயே போக வேண்டும். அந்தக் கோட்டை நானே பெர்பெத்துவுக்குப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை ஆடிட்டுக்கு வந்தவர்கள் அவளோடு நின்று போட்டோ எடுத்தார்கள். எங்கள் அக்காள் அதை வீட்டில் மாட்டியிருந்தாள். இப்போது கழற்றிவிட்டாளாம்.

அருப்புக்கோட்டை வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா? இந்தாருங்கள்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, காலை பதினொன்றே கால். ஒரு வால்வுக்குப் பக்கத்தில் அம்மோனியாக் குழாய் பிளந்துவிட்டது. அந்தக் குழாயை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, அதை யாரும் கேட்கவில்லை. சரி. கரண்ட் நின்றது. ஹால் முழுக்க வெள்ளைப் புகை. பச்சை விளக்காவது ஒன்றாவது. நீட்டின கை தெரியாது.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். நான் கேண்டீனில் இருந்தேன். என் வேலையில் இருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பயிற்சி சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு நொடியை யாராலும் குறைக்க முடியாது என்று பெர்பெத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமனால் முடியுமா முடியாதா என்று பார்க்க வேண்டாமா? பயிற்சி தொடங்கும்போது கண்ணாடிக்குள் அபாய மணி அடிக்கும். அடித்தது. வெளியேயும் அதே மணிதான், அதே சத்தத்தைத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே அடிக்கிறதா வெளியே அடிக்கிறதா என்று எவனால் சொல்ல முடியும்? நான் குதித்தேன். மேஜை முனை, ஐஸ் மெஷின், பச்சை விளக்கு, வாசல். முப்பத்து மூன்று நொடி. சரி, இன்னொரு தடவை என்று மறுபடியும். மணி நிற்கவே இல்லை. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணாடியைக் கழற்றினால் கேண்டீன்காரன் ஓடிக்கொண்டிருக்கிறான், என் மூக்கு எரிகிறது.

மணி அடித்த பிறகு நான் கண்ணாடிக்குள் இருந்தது நாலு நிமிஷம் என்கிறார்கள். மூன்றுதான் இருக்கும்.

இதில் என்னவென்றால், புகைக்குள்ளே போகிறவர்கள் மாட்டிக்கொள்கிற மூச்சுக் கருவி ரெண்டு இருந்தது. அது இருந்த அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பொறுப்பாளரிடம்தானே சாவி இருக்கும்? வேறு யாரிடம் இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

ஹாலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் முன் வாசலை ஒட்டி இருந்ததால் உடனே ஓடிவிட்டார்கள். உள் கோடியில் ரெண்டு வரிசை மாட்டிக்கொண்டது. ஒரு வரிசை பேச்சித்தாயோடு. அவள் முந்தானையைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு, எல்லோரையும் அப்படியே செய்ய வைத்து, ஒரு கையைச் சுவரில் வைத்து நடந்திருக்கிறாள். மேஜை முடிய இருபத்திரண்டு எட்டு, சாக்கடை மூடி காலில் தட்டும், அதிலிருந்து பதினாலு, சுவர் இடது பக்கம் திரும்பும், திரும்பினதும் பூட்ஸ் கழுவுகிற குளோரின் தொட்டி, காலில் தண்ணீர் பட்டால் கதவு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்பது பேரை வெளியே கொண்டு வந்தாள். இதை விசாரணையில் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு இதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருபத்தாறு வருஷம் நடந்த இடம். அது ஒரு பெரிய வித்தை மாதிரி எழுதிக்கொண்டார்கள்.

இன்னொரு வரிசை பெர்பெத்துவோடு. ஆரஞ்சுக் கோட்டு அவளிடம்தானே இருக்கிறது. ஏழு பேர் அவள் பின்னால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஐஸ் மெஷின் வரைக்கும் சரியாகத்தான் போனாள். அங்கிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். நேரே போனால் குளிர் அறைச் சந்து, அதற்கு அந்தப் பக்கம் வழி கிடையாது. கண்ணாடிக்குள் ஐஸ் மெஷினில் நின்றால் பச்சை விளக்கு தெரியும், அதைக் காட்டிக் குதிப்பாள், அவ்வளவுதான். அதற்கு நடுவில் ஒரு திருப்பம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் வேலை பார்த்ததும் முன் வாசல் பக்கத்து மேஜையில்தான், உள் கோடிக்கு மாற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேரே போய்விட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி விசாரணையில் ஒன்று சொன்னாள். சந்தில் போய் முட்டினதும் பெர்பெத்து நின்றாளாம். நின்று, பிடித்திருந்த கையை உதறிவிட்டு முன்னால் நீட்டினாளாம். ஆள்காட்டி விரல் மடங்கி மடங்கி நிமிர்ந்ததாம். மூன்று தடவை. புகையில் தொட்டுத்தான் இவளுக்குத் தெரிந்ததாம். பயத்தில் கை நடுங்கியிருக்கும், அதைப் போய் ஒரு சாட்சி என்று எழுதுகிறார்களே என்று நான் எழுந்து சொன்னேன். உட்காருங்கள் என்றுவிட்டார்கள்.

சுவரை இடித்துத்தான் அவர்களை வெளியே எடுத்தோம். நானும் இடித்தேன், யாரும் அதைச் சொல்வதில்லை. ஆறு பேர் தேறிவிட்டார்கள். பெர்பெத்துவுக்கு நெஞ்சு புண், ரெண்டு கண்ணிலும் கட்டு. இன்னொருத்தி மரியபுஷ்பம். பெர்பெத்துவோடு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவள். கடைசிவரை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

பெர்பெத்துவிடம் அதைச் சொல்லவில்லை. மூச்சு விடுவதே அவளுக்குப் பெரிய பாடு. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் கேட்கிறாளாம், புஷ்பம் எந்தக் கட்டிலில் இருக்கிறாள் என்று. அடுத்த வார்டு என்று எங்கள் அக்காள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

விசாரணை என்னைச் சுற்றியே வருகிறது. கோயம்புத்தூர்ப் பெண்ணையும் கூப்பிட்டார்கள். அவள் வந்து, "குதிக்கறது சும்மா சுத்திப் பாக்கறதுக்கு மட்டுந்தானுங்கண்ணா, தப்பிக்கற பயிற்சிக்கு நடக்கறதுலயே விடுங்க, குதிச்சா வழி உடம்புல ஏறாதுன்னு நான் சொன்னனா இல்லீங்களா?" என்று என்னைப் பார்த்தே கேட்கிறாள். ஞாபகம் இல்லை என்றேன். எழுதி டப்பா மூடியில் ஒட்டியிருந்தேனே என்கிறாள். ஒட்டியிருந்தாள்தான். அந்தச் சீட்டு டப்பாவின் நம்பரை மறைத்துக்கொண்டிருந்தது, ஆடிட்டில் நம்பரைக் கேட்பார்கள் என்று நான்தான் உரித்தேன். வேண்டுமென்று உரித்தேனா? அதற்கு மேல் அந்தக் கண்ணாடிக்குள்ளே எல்லாம் பதிவாகுமாம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் பேரில் நுழைந்து முறையை மாற்றினார்கள் என்று. வெள்ளிக்கிழமை காலை எட்டு இருபது, சந்தியாகு. ஒன்பதாம் தேதி பதினொன்றே காலுக்கு யார் விளையாடினார்கள் என்பதும் இருந்தது. விளையாட்டு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி என்று எழுதவில்லை.

மேனேஜர் நல்ல மனுஷன். ஒரு வழி சொன்னார். பெர்பெத்து ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும். குதிக்கிற முறையை அவளே கேட்டு வாங்கினாள், வழியைத் தெரிந்துகொள்ள வேறு பயிற்சி தருவதாகச் சொல்லியும் அவள் வேண்டாம் என்றாள், அன்றைக்கு அவளாகவே முடிவெடுத்து அந்த வழியில் கூட்டிப் போனாள். அவ்வளவுதான். டைப் அடித்து அவரே கொடுத்தார். பொய் என்கிறீர்களா? மாமா, இது நல்லாருக்கு என்று அவள் சொன்னாளா இல்லையா? அதற்கு என்ன அர்த்தம்? கேட்டு வாங்கினது மாதிரிதானே. அவளுக்கு இதனால் ஒன்றும் வராது. சின்ன வயது, கண் கட்டோடு கிடக்கிறவள், அவளை யார் என்ன செய்யப் போகிறார்கள்? என்னைத்தான் செய்வார்கள். நான் இருந்தால்தானே அந்தக் குடும்பத்துக்கு ஒரு ஆண் துணை? அவளுக்கு அப்பா இல்லை. முதல் நற்கருணைக்கு அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போனவன் நான்.

எங்கள் அக்காளிடம் சொன்னேன். காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "எம் பிள்ளை பக்கத்துல வந்திராத தம்பி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதனால்தான் இன்றைக்குப் போகிறேன். இன்றைக்கு அவள் தூத்துக்குடியில் இருக்கிறாள், மரியபுஷ்பத்தின் பதினாறாம் நாள் பூசைக்கு வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பெர்பெத்து தனியாகத்தான் இருப்பாள்.

ரிங் ரோடு திரும்பிவிட்டது. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன் என்று நினைக்காதீர்கள்.

கண் தெரியாத ஆளிடம் கைநாட்டு வாங்கினால், சம்பந்தமில்லாத ஒருவர் முழுக்க வாசித்துக் காட்டினதாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். மேனேஜர் சொன்னார். என் குரலில் வாசித்தால் செல்லாது. கம்பெனி ஆளும் கூடாது. உங்களைப் பார்த்தால் படித்தவராக இருக்கிறீர்கள், நல்ல குரல், எங்களுக்கு ஒரு உறவும் கிடையாது. பத்து நிமிஷம். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்துவிடலாம். இதோ, ஒரே பக்கம்தான். பாருங்கள். "காலஞ்சென்ற மரியபுஷ்பம் உள்ளிட்ட ஏழு பேரை" என்று தொடங்குகிறது. வாசிக்கும்போது அந்த முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு ரெண்டாவது வரியிலிருந்து வாசியுங்கள். அவளுக்குத் தெரியாது. உடம்பு தேறினதும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு இன்னும் வரவில்லையே. இது சிக்னல். கண்டக்டர், ஒரு நிமிஷம், இவர் மாட்டுத்தாவணிக்கு டிக்கெட் எடுத்தவர். பாருங்கள், இங்கே இறங்கினால் வேறு பஸ் பிடிக்க வேண்டும். சரி, வர வேண்டாம். வரவே வேண்டாம். உங்கள் பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். காகிதத்தில் கீழே இடம் விட்டிருக்கிறது. கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.